எதிர் ஜன்னல் துண்டுகள்

நவம்பர் 3

அன்புள்ள பாட்டிக்கு,

சுண்டெலி எழுதுகிறேன். நல்லபடியாக வந்து சேர்ந்துவிட்டேன். விடுதி அறையில் நான்கு கட்டில்கள். என்னுடையது கதவோரம் என்பதால் போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாரும் என் காலை ஒரு இடி இடித்துவிட்டுத்தான் போகிறார்கள். உங்கள் முட்டிவலி எப்படி இருக்கிறது? காது மெஷினுக்குப் புது பேட்டரி போட்டீர்களா? போனில் நான் பேசினால் தண்ணீர்க் குடத்துக்குள் தவளை கத்துகிற மாதிரி கேட்கிறது என்றீர்களே, அதனால்தான் இந்தக் கடிதம். சோம்பல் படாமல் பதில் எழுதுங்கள்.

விளக்கு போட்டுச் செடி வளர்க்கிற என் துணிக் கூடாரத்தை உங்கள் அறையில் வைத்துவிட்டு வந்தது எனக்கே உறுத்தலாக இருக்கிறது. வேறு வழியில்லை. நான் வேலைக்குச் சேர்ந்திருக்கிற இந்தப் பண்ணையில் வெளிச்செடியை உள்ளே விடமாட்டார்கள், விதையாகத்தான் கொண்டுவர வேண்டும். அந்தக் குட்டைத் தக்காளியை வருஷக்கணக்காக விதை பொறுக்கிப் பொறுக்கி வளர்த்திருக்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். பிப்ரவரி விடுமுறைக்கு வரும்போது பழம் பழுத்திருந்தால் விதை எடுத்துவருவேன். எனக்கென்று ஒரு வரிசை நிலம் தருவதாக மேற்பார்வையாளர் சொல்லியிருக்கிறார். புதிதாக வந்தவளுக்கு வரிசை கிடைப்பது இங்கே பெரிய விஷயம், பாட்டி.

கேளுங்கள். அந்த விளக்கில் நெருப்பு தெரியாது, ஆனால் அடைத்த கூடாரத்துக்குள் அதன் சூடு ஏறிக்கொண்டே போகும். மேலே இருக்கிற சின்ன ஃபேன்தான் அந்தச் சூட்டை உறிஞ்சி, வெள்ளிச் சுருள் குழாய் வழியாக ஜன்னலுக்கு வெளியே தள்ளுகிறது. விளக்கு எரிகிற நேரமெல்லாம் ஃபேன் ஓட வேண்டும். கீழே இருக்கிற துணிக்கதவு திறந்தே இருக்கட்டும், குளிர்ந்த காற்று அதன் வழியாகத்தான் உள்ளே வரும். சுவரில் தொங்குகிற, விளக்குக்கான மின்சாரப் பெட்டிமேல் துணிமணி எதையும் போடாதீர்கள். சூடு காட்டுகிற டப்பாவில் இருபத்தெட்டைத் தாண்டக் கூடாது. அவ்வளவுதான்.

இதை அம்மாவிடம் ஒப்படைக்காததற்குக் காரணம் உங்களுக்குத் தெரியும். "வீடா இது, மாவு மில்லா? ஒருநாள் இல்ல ஒருநாள் அந்த ஃபேன நான் நிறுத்தத்தான் போறேன்" என்று நான் கிளம்புகிற அன்றுகூடச் சொன்னாள்.

உங்களை நம்பித்தான் விட்டு வந்திருக்கிறேன்.

அன்புடன்,
சுண்டெலி

*

நவம்பர் 14

என் செல்லச் சுண்டெலிக்குப் பாட்டி ஆசீர்வாதம்.

உன் கடிதம் கிடைத்தது. நேரத்துக்குச் சாப்பிடு. அந்தக் கட்டிலைத் திருப்பிப் போடு, தலை கதவுப்பக்கம் வந்தால் எவளும் இடிக்கமாட்டாள். இங்கே எனக்கு முட்டியைத் தவிர எல்லாம் சுகம்.

என்னை நம்பி விட்டு வந்ததாக நீ எழுதியதை மூன்று தரம் படித்தேன். இந்த வீட்டில் என்னை நம்பி ஒரு டம்ளரைக்கூட யாரும் விடுவதில்லை. போன வருஷம் பால் சட்டியை அடுப்பில் வைத்துவிட்டு நான் படுத்துவிட்டேனே, வீடெல்லாம் புகை மண்டியதே, அதை உன் அப்பன் இன்னும் விடவில்லை. விருந்தாளி வந்தால் தண்ணீர் கொடுப்பதற்கு முன்னால் அந்தக் கதையைக் கொடுக்கிறான். "இன்னொரு தடவ இப்படி ஏதாவது ஆச்சுன்னா அம்மாவ அக்கா வீட்டுக்கு அனுப்பிடறதுதான் சரி" என்று உங்கம்மாவிடம் சொன்னான். எனக்குக் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டான். காது போனால் என்ன, வாய் அசைவதைப் படிக்கத் தெரியாதா எனக்கு? உன் அத்தை வீட்டில் எனக்குச் சோபாதான் படுக்கை. டி.வி. பார்க்கிற கூட்டம் எழுந்து போன பிறகுதான் கால் நீட்ட முடியும். என் அறையை விட்டு நான் எங்கேயும் போகமாட்டேன்.

உன் செடிகளைக் கண்ணில் வைத்துப் பார்க்கிறேன். காலையில் எழுந்ததும் பல் விளக்குவதற்கு முன் அந்த டப்பாவைத்தான் பார்க்கிறேன். இருபத்தைந்து, இருபத்தாறு. பூ வந்திருக்கிறது. மஞ்சளாக, மூக்குத்திப் பொட்டு அளவுக்கு.

ஒரே ஒரு வயிற்றெரிச்சல். நம் ஜன்னலுக்கும் எதிர்க் கட்டடத்து ஜன்னலுக்கும் நடுவே இருக்கிற சந்து உனக்குத் தெரியும், எட்டினால் கைகுலுக்கலாம். இந்த மழையிலும் குளிரிலும் ஊரில் ஒருத்தர் துணியும் காய்வதில்லை. எதிர் ஜன்னல்காரி என்ன செய்கிறாள் தெரியுமா? உன் குழாய் வாய்க்கு நேராகக் கொடி கட்டித் துண்டுகளைத் தொங்கவிட்டிருக்கிறாள். சூடான காற்று போய்ப் போய் அவள் துண்டெல்லாம் அப்பளம் மாதிரி காய்கிறது. எடுத்து முகத்தில் ஒற்றிக்கொண்டு சிரிக்கிறாள் பார், எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

உன் தாத்தா போன அன்று அவள் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணைத் துடைத்தாள். அதே மூச்சில், "உங்க ஸ்கூட்டர் நிக்கற எடம் இனிமே காலியா இருக்குமா பெரியம்மா?" என்று கேட்டாள். பச்சைப் புடவை, கரையில் எண்ணெய்க் கறை. எனக்கு எதுவும் மறக்காது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் பாட்டி

*

நவம்பர் 22

அன்புள்ள பாட்டிக்கு,

நலம். கட்டிலைத் திருப்பிப் போட்டேன். இப்போது தலையில் இடிக்கிறார்கள்.

பூ வந்த செய்தி படித்து அறையில் குதித்தேன். எதிர் வீட்டு அக்கா விஷயத்தை விடுங்கள். நமக்கு வேண்டாத காற்றுதானே, அது அவள் துண்டைக் காயவைத்தால் நமக்கு என்ன குறைகிறது? காற்று தங்குதடையில்லாமல் வெளியே போகிறது என்பதற்கு அந்தத் துண்டுகளே சாட்சி. சண்டைக்குப் போகாதீர்கள், எனக்காக.

மெஷினைக் காதில் மாட்டிக்கொள்ளுங்கள். மேஜைமேல் இருந்தால் மேஜைக்குத்தான் காது கேட்கும்.

அன்புடன்,
சுண்டெலி

*

டிசம்பர் 2

என் சுண்டெலிக்கு ஆசீர்வாதம்.

எல்லாரும் சுகம். சளி பிடிக்காமல் காதை மூடிக்கொண்டு வெளியே போ.

நீ சொன்னபடி சண்டைக்குப் போகவில்லை. அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் இப்போது அவள் துண்டுகள் காய்வதில்லை. ஈரமாகவே தொங்குகின்றன. அவள் அடிக்கடி வந்து தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு நம் ஜன்னலை முறைக்கிறாள். எப்படி என்று கேட்காதே. பாட்டிக்கும் கொஞ்சம் மூளை இருக்கிறது.

ஒரு சின்ன சந்தேகம், சும்மாதான் கேட்கிறேன். செடியின் இலை ஓரம் மேல்பக்கமாகச் சுருண்டு, ஓடம் மாதிரி நிற்கிறது. தண்ணீர் ஊற்றினேன், அப்படியும் நிமிரவில்லை. டப்பாவில் எண் முன்னைவிடக் கூடுதலாகத்தான் காட்டுகிறது. வெளியே இப்படிக் குளிர்கிறதே, உள்ளே கொஞ்சம் கதகதப்பாக இருந்தால் செடிக்கு நல்லதுதானே? பிள்ளைக்குப் போர்த்திவிடுவது போலத்தானே?

பதில் போடு.

உன் பாட்டி

*

டிசம்பர் 9

பாட்டிக்கு,

உங்கள் கடிதமும் அம்மாவின் போனும் ஒரே நாளில் வந்தன. கடிதம் மூன்று நாள் முன்னால் வந்திருந்தால் நானே போன் செய்து விளக்கை அணைக்கச் சொல்லியிருப்பேன். இலை ஓடம் மாதிரி சுருண்டால் சூடு தாங்கவில்லை என்று அர்த்தம். அது எனக்குக் கைகூப்பிச் சொன்ன மாதிரி சொல்லியிருக்கிறது. நான்தான் அங்கே இல்லை.

முதலில், உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே? புகை நெஞ்சுக்குள் போயிருந்தால் இருமல் நிற்காது. டாக்டரிடம் போனீர்களா?

அம்மா முழுதாக எதுவும் சொல்லவில்லை. விளக்கு தொங்கிய பிளாஸ்டிக் கொக்கி சூட்டில் இளகி, விளக்கு செடிமேல் விழுந்து, வயர் பிய்ந்து பொறி பறந்ததாம். ஒரு செடிகூட மிஞ்சவில்லையாம். ஃபேன் ஓடியிருந்தால் உள்ளே அவ்வளவு சூடு ஏறவே ஏறாது. நான் கேட்டுவிட்டேன், "ஃபேன நீ ஆஃப் பண்ணியாம்மா?" என்று. "ஆமான்னே வச்சுக்கோ, விடு" என்றாள்.

எப்படி விடுவது? அவளுக்கு அந்தச் சத்தம் பிடிக்காது. நான் இந்த வேலைக்கு வந்ததும் பிடிக்காது. ஆனால் உங்கள் தலைமாட்டில் நெருப்பு பிடிக்கிற அளவுக்குப் போவாள் என்று நான் நினைக்கவில்லை.

நீங்கள் அந்த அறையிலேயே இருக்கிறவர். நீங்கள் சொன்னால் நம்புவேன். அம்மாதான் நிறுத்தினாளா? ஆமாம் என்றால் பிப்ரவரியில் நான் வீட்டுக்கு வரமாட்டேன். அவள் முகத்தில் என்னால் முழிக்க முடியாது.

சுண்டெலி

*

டிசம்பர் 20

என் கண்ணுக்கு ஆசீர்வாதம்.

எனக்கு ஒன்றுமில்லை. இருமல் நின்றுவிட்டது. நீ சாப்பிடாமல் கிடக்காதே.

நடந்ததைக் கேட்டாய். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன். மெஷின் மேஜைமேல் இருந்தது. யாரோ தோளைப் பிடித்து உலுக்கினார்கள். கண் திறந்தால் அறை முழுக்க வெள்ளைப் புகை, நடுவில் உங்கம்மா வாய் அசைகிறது, ஒரு சொல் கேட்கவில்லை. என்னைக் கூடத்துக்கு இழுத்துப் போட்டுவிட்டுத் திரும்ப உள்ளே ஓடினாள். பிளக்கைப் பிடுங்கி, அந்த விளக்கை வெறுங்கையால் தூக்கிக் குளியலறையில் எறிந்தாள். வலது உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். தெருமுனையில் இருக்கிற மருந்துக்கடையில் வேலை செய்பவள் நடுப்பகலில் எப்படி வந்து நின்றாள் என்று பிறகு கேட்டேன். எதிர் ஜன்னல்காரி புகையைப் பார்த்துக் கடைக்குப் போன் போட்டாளாம். முதலில் நம் கதவைத்தான் தட்டினாளாம். எனக்குத்தான் கேட்கவில்லை.

ஃபேனை யாரும் நிறுத்தி நான் பார்க்கவில்லை. நான் தூங்கிக்கொண்டிருந்தேன். அதுதான் உண்மை. உங்கம்மாவுக்கு அந்தச் சத்தம் ஆகாது என்பது உனக்கே தெரியும். அதற்குமேல் நான் என்ன சொல்ல?

செடிகளைப் பற்றி எழுதக் கை வரவில்லை. ஒன்றில் காய் இருந்தது. சின்னதாக, பச்சையாக.

பாட்டி

*

டிசம்பர் 29

பாட்டிக்கு,

நலம். எழுதியதற்கு நன்றி. புரிந்தது.

மேற்பார்வையாளரிடம் விதை வராது என்று சொல்லிவிட்டேன். வரிசையை வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டார்கள். விடுமுறைக்கு வரவில்லை. கூட வேலை செய்கிறவள் தன் வீட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறாள், அங்கே போகிறேன். அம்மாவின் போனை நான் எடுப்பதில்லை. கேட்டால் வேலை அதிகம் என்று சொல்லுங்கள்.

கையில் கொப்புளம் என்றீர்கள். ஆறிவிட்டதா என்று மட்டும் எழுதுங்கள். நான் கேட்டேன் என்று அவளிடம் சொல்ல வேண்டாம்.

சுண்டெலி

*

ஜனவரி 11

சுண்டெலிக்கு ஆசீர்வாதம்.

சுகம்தானே? இங்கே குளிர் கொஞ்சம் விட்டிருக்கிறது. உங்கம்மா கை ஆறுகிறது. தோல் உரிந்து புதுத்தோல் சிவப்பாக இருக்கிறது. கரண்டியை இடது கையால் பிடிக்கிறாள்.

நீ வரவில்லை என்று உன் அப்பனிடம்தான் சொன்னாய் போலிருக்கிறது. ராத்திரிச் சாப்பாட்டில் அவன் தட்டை நகர்த்திவிட்டு, "ஒரு ஃபேன் சத்தம் பொறுக்க முடியல உனக்கு. இப்ப புள்ளையே வரமாட்டேங்குது. சந்தோஷமா?" என்று அவளைக் கேட்டான். நான் எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன். மெஷின் காதில்தான் இருந்தது. அவள் என் தட்டில் இன்னொரு கரண்டி சாதம் போட்டாள். "போதும்" என்று சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை. முழுவதையும் சாப்பிட்டேன்.

உன் கட்டில் உறையை மாற்றி வைத்திருக்கிறாள். நீ வரமாட்டாய் என்று தெரிந்தும்தான்.

என் பழைய சாம்பல்நிறக் கம்பளி ஒன்று உண்டே, ஓரத்தில் சிவப்புக் கோடு போட்டது, அது இப்போது என் கட்டில் கால்மாட்டில் இருக்கிறது. துவைத்து, மடித்து. நான் அதை எடுத்துப் போர்த்துவதில்லை. தொடுவதே இல்லை.

வேறொன்றும் இல்லை.

பாட்டி

*

ஜனவரி 27

சுண்டெலிக்கு,

உன் உடம்பு நலமா என்று கேட்டுவிட்டு விஷயத்துக்கு வருகிறேன். கேட்கிற யோக்கியதை இருக்கிறதோ இல்லையோ, கேட்காமல் எழுதிப் பழக்கமில்லை.

போன கடிதத்துக்கு நீ பதில் போடவில்லை. அதில் நான் கம்பளியைப் பற்றி எழுதியிருந்தேன். நீயாகக் கண்டுபிடித்து என்னைத் திட்டிவிடுவாய், நான் வாய் திறக்க வேண்டியிருக்காது என்று ஒரு நப்பாசை. அதுவும் கோழைத்தனம்தான்.

நேற்று லிஃப்ட்டில் எதிர் ஜன்னல்காரியும் நானும் மாட்டிக்கொண்டோம். எந்த வீட்டுக்கோ பாத்திரம் திருப்பிக் கொடுக்க இந்தக் கட்டடத்துக்கு வந்திருக்கிறாள். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

"என்ன பெரியம்மா, பேத்தி லீவுக்கு வரலையாமே?" என்றாள்.

"அது எங்க வீட்டு விஷயம்."

"உங்க வீட்டு விஷயம்தான். அதனாலதான் இத்தன நாளும் நான் வாயத் தெறக்கல. நீங்க குழாய்க்குள்ள கம்பளியத் திணிச்சத இந்தக் கண்ணாலதான் பாத்தேன். துணி காஞ்சிருக்கான்னு எட்டிப் பாத்தா, முட்டிவலியோட ஸ்டூல் மேல ஏறி நின்னு திணிக்கிறீங்க. விழுந்துடுவீங்களோன்னு எனக்குப் பதறிப்போச்சு."

அவள் விடவில்லை.

"நெருப்பு புடிச்ச அன்னிக்கே உங்க பையன்கிட்ட சொல்லத்தான் வந்தேன். உங்க மருமகதான் வாசல்லயே நிறுத்தி, என் கையப் புடிச்சுக்கிட்டு, 'அக்கா, சொல்லிடாதீங்க, அத்தைய அனுப்பிடுவாங்க'ன்னா. அந்தக் கை முழுக்கக் கொப்புளம் பெரியம்மா. அதோட என்னப் புடிச்சா. நான் எப்படிச் சொல்லுவேன்?"

லிஃப்ட் நம் மாடியில் நின்று கதவு திறந்தது. என்னால் இறங்க முடியவில்லை. அவள் இறங்கிப் போனாள். நான் மறுபடியும் கீழே போய், மறுபடியும் மேலே வந்தேன்.

இப்போது எழுதுகிறேன். ஃபேனை யாரும் நிறுத்தவில்லை. அது பாவம் ஓடிக்கொண்டேதான் இருந்தது. அதன் வாயை அடைத்தது நான். அவள் துண்டு காயக் கூடாது என்று அடைத்தேன். நீ எழுதியிருந்தாய், துண்டுகள் சாட்சி என்று. அதைப் படித்துவிட்டுத்தான் செய்தேன். உன் எழுத்தைவிட அவளுடைய பச்சைப் புடவை எனக்குப் பெரிதாக இருந்தது.

இலை சுருண்டபோது உள்ளுக்குள் எங்கேயோ தெரிந்தது. எண் முப்பத்தெட்டைத் தொட்டதைப் பார்த்தேன். உனக்கு எழுதும்போது "கூடுதல்" என்று மட்டும் எழுதினேன். நெருப்பு பிடித்த அன்று காலைகூடக் கம்பளியை எடுத்துவிடலாம் என்று ஸ்டூலை நகர்த்தினேன். அந்த நேரம் பார்த்து அவள் ஜன்னலில் வந்து நின்றாள். அவள் பார்க்க எடுத்தால் தோற்ற மாதிரி ஆகிவிடும் என்று ஸ்டூலைத் திரும்ப வைத்துவிட்டேன்.

புகை அடங்கியதும் உங்கம்மா ஜன்னலைத் திறந்து குழாயை இழுத்தாள். கம்பளி வந்தது. அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இரண்டு நாள் கழித்து என் கால்மாட்டில் துவைத்து மடித்து இருந்தது. ஒரு வார்த்தை கேட்கவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி, பத்து வருஷப் பழையதையெல்லாம் எடுத்துப் போட்டு, எப்படியோ ஜெயித்திருப்பேன். அவள் கத்தவில்லை.

கல்யாணமாகி வந்த முதல் மாதம் அவள் என் வெள்ளிக் கிண்ணத்தை நசுக்கியதை நான் இன்னும் சொல்லிக் காட்டுகிறேன். அவளுக்கு நான் செய்ததை யாரிடம் சொல்லிக் காட்டுவது?

அவள் போனை எடு. என்னை என்ன வேண்டுமானாலும் சொல்.

பாட்டி

*

பிப்ரவரி 8

பாட்டிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுத் தலையணைக்கடியில் வைத்துவிட்டேன். மறுபடி வெளியே எடுக்க எனக்குச் சில நாட்கள் ஆயின.

தக்காளிக்காகக் கோபம் இல்லை என்று எழுத நினைத்தேன். பொய். இருக்கிறது. அந்த வரிசையில் இப்போது வேறொருத்தியின் கத்தரி நிற்கிறது. தினமும் அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறேன்.

ஆனால் அது போகட்டும். டிசம்பரில் நீங்கள் எழுதிய கடிதத்தை எடுத்துத் திரும்பத் திரும்பப் படித்தேன். அதில் ஒரு பொய்கூட இல்லை, பாட்டி. "நிறுத்தி நான் பார்க்கவில்லை." "சத்தம் ஆகாது என்பது உனக்கே தெரியும்." எவ்வளவு கவனமாக எழுதியிருக்கிறீர்கள். அதை நம்பித்தான் நான் அம்மாவின் போன் அடிக்க அடிக்கப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். ஒரு தடவை இரண்டு தடவை இல்லை.

அம்மாவைக் கூப்பிட்டுப் பேசினேன். "கை எப்படி இருக்கு?" என்று கேட்டேன். அழுதாள். நான் வருகிறேன் என்று மட்டும் சொன்னேன். எனக்கு என்ன தெரியும் என்று சொல்லவில்லை. அதை நான் சொல்லமாட்டேன். நீங்கள்தான் சொல்ல வேண்டும், கடிதத்தில் இல்லை, வாயால், அப்பா முன்னால். நான் வருவதற்குள்.

அப்புறம் எல்லாம் மறந்துவிடும் என்று நினைக்காதீர்கள். ஸ்கூட்டர் விஷயத்தை இத்தனை வருஷம் வைத்திருக்கிறவரின் பேத்தி நான்.

முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொள்ளுங்கள். ஸ்டூல் மேல் ஏறாதீர்கள்.

சுண்டெலி

*

பிப்ரவரி 17

சுண்டெலிக்கு ஆசீர்வாதம். வாங்கிக்கொள்ள மனம் இருந்தால்.

சொல்லிவிட்டேன்.

இரண்டு நாள் வாய் வரை வந்து வந்து போனது. ஞாயிற்றுக்கிழமை காலை அந்தக் கம்பளியைக் கொண்டுபோய்ச் சாப்பாட்டு மேஜைமேல் வைத்தேன். வைத்துவிட்டால் அப்புறம் திரும்ப முடியாதல்லவா.

"என்னம்மா இது, குளிருதா?" என்றான் உன் அப்பன்.

"இதத்தான் அந்தக் குழாய்ல அடைச்சேன். ஃபேன யாரும் நிறுத்தல. நான்தான்."

"எதுக்கு?"

"எதிர் ஜன்னல்காரி துண்டு காயுதுன்னு."

"துண்டு காயுதுன்னா?" என்று கேட்டுச் சிரிக்க ஆரம்பித்தான். பாதியில் நிறுத்திவிட்டு உங்கம்மாவைப் பார்த்தான். அப்புறம் தன் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அவனுக்கும் தலை நிமிரவில்லை. இத்தனை நாள் அவளைத் திட்டியவன் அவன்தானே.

உங்கம்மாவுக்குத்தான் கோபம் வந்தது. "அப்போ நான் எதுக்கு அத்த இவ்வளவு நாள் திட்டு வாங்கினேன்? உங்கள அனுப்பக் கூடாதுன்னு வாயக் கட்டிக்கிட்டு இருந்தா, நீங்களே வந்து போட்டு உடைக்கிறீங்க" என்றாள். பிறகு மெதுவாக, "அன்னிக்கே சொல்லுவீங்கன்னு பாத்தேன். அடுத்த நாள் சொல்லுவீங்கன்னு பாத்தேன். கம்பளிய மடிச்சு வச்சதே அதுக்குத்தான். புள்ள போன எடுக்கலன்னு நான் நின்னத பாத்தும் நீங்க சொல்லல" என்றாள்.

 

"அக்காவுக்குப் போன் பண்றேன்" என்று உன் அப்பன் எழுந்தான். நான் பெட்டி எடுக்கக் கிளம்பினேன். உங்கம்மா போனை அவன் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டாள். "எங்கயும் போக வேண்டாம். படுக்கும்போதும் காதுல மெஷின் இருக்கணும். நான் கடைக்குப் போற நேரம் பக்கத்துல ஒரு ஆள் இருக்கணும். அவ்வளவுதான்."

யார் அந்த ஆள் என்று கேள். நம் வீட்டுச் சாவி இப்போது எதிர் ஜன்னல்காரி இடுப்பில் தொங்குகிறது. தினம் மத்தியானம் வந்து என் கட்டிலுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருகிறாள். நான் கண்ணை மூடினால், "பெரியம்மா, மெஷின் இருக்கா?" என்று காதைப் பிடித்துப் பார்க்கிறாள். இதைவிட உன் அத்தை வீட்டுச் சோபாவே தேவலை என்று முதல் நாள் நினைத்தேன்.

நேற்று அவளிடம் ஸ்கூட்டர் விஷயத்தைக் கேட்டேவிட்டேன். அவளுக்கு ஞாபகமே இல்லை. "நானா? அப்படியா கேட்டேன்? ஐயோ, செருப்பால அடிச்சிருக்கலாமே பெரியம்மா நீங்க" என்று முகத்தை மூடிக்கொண்டாள். நான் அதை எத்தனை வருஷம் சுமந்திருக்கிறேன், அவளிடம் அது இல்லவே இல்லை. அவள் எதிரில் உட்கார எனக்குத்தான் கூசியது.

புது விளக்கு வாங்க நீ யோசிக்கலாம், வேண்டாமென்றும் இருக்கலாம். உன் இஷ்டம். மறுபடியும் கூடாரம் போட்டால் கொக்கியை இரும்பில் போடு. சூடு காட்டுகிற டப்பாவை உங்கம்மா கண்ணில் படுகிற இடத்தில் வை, என் கண்ணில் வேண்டாம். குழாய் வாயை அவள் கொடிக்கு நேராகவே வை. மழைக்காலத்தில் அவள் வீட்டில் ஒன்றுமே காய்வதில்லை.

நீ மறக்க வேண்டாம். மறக்கச் சொல்லி நானும் கேட்கமாட்டேன்.

வரும் நாளை எழுது. உங்கம்மா ஸ்டேஷனுக்கு வருவாள். நான் வாசலில் நிற்கமாட்டேன், என் அறையில் இருப்பேன். முதலில் அவள் கையை வாங்கிப் பார். வலது கை.

பாட்டி